இருபத்தொரு தட்டும் ஒரு நாற்காலியும்

தங்கையின் மூத்த பிள்ளைக்குக் காது குத்தியபோது நான் ராய்ப்பூர் பக்கம் ஒரு போர்வெல் வண்டியில் வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்குத் தகவல் வந்து சேர்வதற்குள் பிள்ளைக்குக் காது ஆறிவிட்டது. தாய்மாமன் மடி கிடைக்காததால் மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஒருவர் மடியில் வைத்துக் குத்தினார்களாம். தங்கை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவனிடம், எங்கே இருந்தாய் என்று கேட்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டாவது பிள்ளை பெண் குழந்தை. ஒன்றரை வயதில் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றைக் குறித்துவிட்டுத் தங்கை போன் செய்தாள்.

"இந்த வாட்டி உன் மடிதான்ணா. வேற யாரையும் உக்கார வெக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அப்பறம் நீ பாத்துக்க."

அதற்குள் என் கால்கள் போயிருந்தன. வைக்கோல் லாரியின் உச்சியில் நின்று கயிறு இழுத்தபோது கயிறு அறுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆறு மாதம் ஆஸ்பத்திரி, ஒரு வருடம் படுக்கை, பிறகு மடக்கக்கூடிய ஒரு சக்கர நாற்காலி. திண்டிவனத்தில் படியில்லாத ஓர் அறையைப் பிடித்து மிக்சி, கிரைண்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பைபாஸ் வரை போய், போகிற பஸ்களின் பெயர்ப்பலகைகளை வாசித்துவிட்டுத் திரும்புவேன்.

விழுப்புரத்தில் தங்கையின் மாமியாருக்கு இதில் இஷ்டமில்லை. கெட்டவர் அல்ல. அவருடைய கேள்வியும் நியாயமானதுதான். "கால் வராத ஆளு மடியில எப்பிடிம்மா கொழந்தைய வெப்பாங்க? ஒங்க சித்தப்பா பையன் இருக்கறானே, அவனும் மாமன்தானே" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா மகன் திண்டிவனத்தில் டைல்ஸ் கடையில் வேலை செய்கிறான். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். ஊரில் யாருக்கு என்ன என்றாலும் போய் நிற்பவன். அவன் இதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

பத்தரை மணிக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் குத்தியாக வேண்டும்.

திண்டிவனத்தில் காலை ஏழரைக்கு எங்கள் தெருவில் வேன் வந்து நின்றது. வேனில் பதினெட்டுப் பேர். சீர்த்தட்டுகளுக்குத் தனியாக ஒரு குட்டியானை லோடு வண்டி. வேனின் முன் இருக்கை என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. சித்தப்பா மகன் அக்குளில் கை கொடுத்தான், இன்னொருவர் முழங்காலைப் பிடித்தார், டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் என்னைத் திணித்தார்கள். இதற்கே பத்து நிமிடம் ஆனது. மற்றவர்கள் இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்காலியை மடக்கி உள்ளே ஏற்றியபோது டிரைவர் தடுத்தார்.

"நடுவுல வச்சா யாரும் போவ வர முடியாதுங்க. குட்டியானையில போட்டுடுங்க."

"என் காலுகிட்டயே வச்சிடலாமே" என்றேன்.

"கியர் இடிக்கும்ங்க."

பெரியம்மா குட்டியானையிலிருந்து குரல் கொடுத்தார். "குடுடா இங்க. தட்டோட தட்டா வரட்டும். நான்தான கூட வர்றேன்."

என் சாமான் என் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது இருபது வருட அலைச்சலில் நான் கற்ற ஒரே பாடம். ரயிலில் தூங்கும்போதுகூடப் பையின் வாரைக் காலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவேன். அன்று வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தோடு போகும்போது, தூக்கிவிடுங்கள் என்று முதலில் கேட்டுவிடுகிறோம். அதற்குப் பிறகு இன்னொன்றைக் கேட்க வாய் வருவதில்லை. பதினெட்டுப் பேர் ஏற்கெனவே எனக்காகக் காத்திருந்தார்கள்.

நாற்காலியைக் குட்டியானையின் தரையில் படுக்கப் போட்டு, மேலே தார்ப்பாயை விரித்து, அதன்மேல் பாய் போட்டுத் தட்டுகளை அடுக்கினார்கள். தட்டுகள் வழுக்காமல் இருக்க அது நல்ல வசதி என்று பெரியம்மா சொன்னது எனக்குக் கேட்டது. சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். அவர் இரண்டு தடவை எண்ணினார். மூன்றாவது தடவை தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபத்தொன்று.

கூட்டேரிப்பட்டில் வேனை டீக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்குவது என்றால் மறுபடியும் பத்து நிமிடம். அதனால் கண்ணாடி வழியாக அவர்கள் டீ குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார். வேண்டாம் என்றேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசை நீண்டிருந்தது. விழுப்புரத்தில் தங்கை வீட்டுக் குலதெய்வக் கோயில் இருக்கும் தெருமுனைக்கு வேன் வந்தபோது மணி ஒன்பது இருபத்தைந்து.

தட்டுகளெல்லாம் ஒரு வீட்டு வாசலில் பாய்மேல் வரிசையாக இருந்தன. மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள். தாய்மாமன் மாலையோடு முன்னால் போக, தட்டு ஏந்திய பெண்கள் பின்னால் வர வேண்டும். பெரியம்மா வேன் பக்கத்தில் வந்து நிறைந்த முகத்தோடு சொன்னார்.

"இருபத்தொண்ணும் சரியா எறங்கிச்சு. ஒரு ஆப்பிள்கூட நசுங்கல."

"நாற்காலி எங்க பெரியம்மா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பாயைப் பார்த்தார். தட்டுகளை எண்ணுவதுபோலவே அவர் உதடுகள் அசைந்தன.

"தார்ப்பாய்க்கு அடியில" என்றார் மெதுவாக.

"வண்டி எங்க?"

"வேற லோடு இருக்குது, ஜல்தியா எறக்குங்கன்னான். தட்டு சரியா இருந்திச்சு. போடான்னு அனுப்பிட்டேன்."

குட்டியானைக்காரருக்குப் போன் போட்டார்கள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது, எடுக்கவில்லை. ஐந்து பேர் ஒரே எண்ணுக்கு மாற்றி மாற்றி அடித்ததில் யாருக்குமே லைன் கிடைக்காமல் போனது.

வேனின் கதவைத் திறந்து வைத்து நான் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஒருவர் பந்தலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுல உக்கார வச்சி நாலு பேரா தூக்கினு போயிடலாம். இன்னா இப்ப?"

பார்ப்பவர்களுக்கு அது சரியான யோசனை. எனக்கு இடுப்பு நிற்காது. பக்கவாட்டில் பிடிப்பில்லாத நாற்காலியில் உட்கார வைத்தால் மூட்டை மாதிரிச் சரிவேன். என் கையால் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் நேராக இருப்பேன். கையில் குழந்தை இருந்தால் எதைப் பிடிப்பது? அதோடு, மெத்தை இல்லாத இடத்தில் அரை மணி உட்கார்ந்தால் எனக்குத் தெரியாமலே புண் வரும். அப்படி வந்த ஒரு புண்ணுக்காக நான் நான்கு மாதம் குப்புறப் படுத்திருக்கிறேன். இதையெல்லாம் தெருவில் வைத்து இருபது பேருக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.

"அதுல முடியாது" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"இவனுக்குக் கௌரவம்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னது கேட்டது.

தங்கையின் மாமியார் வந்தார். கையில் போன், அதில் மணி. "தம்பி, தப்பா நெனச்சிக்காதீங்க. பத்தரைக்கு மேல குத்தக்கூடாது. காது குத்தற பத்தரும் வேற எடத்துக்குப் போவணும்னு நிக்கிறாரு. ஒங்க தம்பி உக்காரட்டும். மாலைய ஒங்களுக்கே போட்டுடறோம்."

"மாலை யாருக்கு வேணும் அத்தை" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியாருக்குப் பின்னால் வந்து நின்றாள். குழந்தைக்குப் புதுப் பாவாடை. அது என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தங்கை மாமியாரிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினாள்.

"பத்தே கால் வரைக்கும் பாக்கறேண்ணா."

அவளால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். அந்த வீட்டில் அவள் வாழ வேண்டும்.

ஒன்பது நாற்பத்தேழுக்குக் குட்டியானைக்காரரே கூப்பிட்டார். சித்தப்பா மகன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"எதுக்கு இத்தினி போன்? குடோன்ல லோடு ஏத்திக்கினு இருந்தேன்."

"அண்ணா, எங்க சேரு உங்க வண்டியில கீது."

"எந்த சேரு?"

"சக்கரம் வச்சது. தார்ப்பாய்க்கு அடியில."

ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. "அட பேஜாரே. அதுமேல மல்லாட்டை மூட்டை ஏத்தியாச்சேப்பா. இருபத்திரண்டு மூட்டை. இன்னும் ஏத்திக்கினு இருக்கறாங்க."

"நிறுத்துங்கண்ணா. எறக்குங்க. எந்த குடோனு?"

அவர் இடத்தைச் சொன்னார். பைபாஸுக்கு அந்தப் பக்கம். சித்தப்பா மகன் மாப்பிள்ளையின் பைக் சாவியை வாங்கினான். போய்விட்டான்.

அதன் பிறகு நடந்ததில் எனக்கு நினைத்தால் கூச்சமாக இருப்பது என் மனம் போன போக்குதான். அவன் தாமதமாக வந்தால் அவன் மடியில்தான் குழந்தை உட்காரும். வேண்டுமென்று மெதுவாகப் போக வேண்டியதில்லை. ஒரு சிக்னலில் நின்றால் போதும். மூட்டை இறக்க நேரமாயிடுச்சுண்ணா என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது. வேன் இருக்கையில் கட்டிப்போட்டதுபோல உட்கார்ந்து, நான் அவனுடைய ஒவ்வொரு நிமிடத்தையும் சந்தேகப்பட்டேன். பழைய காலாக இருந்தால் நானே ஓடியிருப்பேன். ஓடுவது ஒன்றுதான் எனக்கு நன்றாக வந்த வேலை.

பத்து மணி. மேளக்காரர்கள் ஒருமுறை வாசித்துவிட்டு நிறுத்திச் சோடா குடித்தார்கள். பத்து ஐந்து. வெயில் வேனின் முன்கண்ணாடியில் ஏறியது. பெரியம்மா என் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அங்கிருந்து நகரவில்லை.

"இத்தினி வயசாயி எண்ணத் தெரியாம போச்சேடா எனக்கு."

"நீ சரியாத்தான் எண்ணின பெரியம்மா. நாங்க சொன்னது இருபத்தொண்ணுதான."

"உன்ன எண்ணலையேடா."



பத்து எட்டுக்கு மாமியார் மறுபடியும் வந்தார். அவருக்கு இப்போது வேறொரு கவலை. "ஒங்க தம்பியும் போயிட்டானே. அவனும் இல்ல, நீங்களும் எறங்க முடியல. கடைசியில மடியே இல்லாம போவும்போல."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. தங்கை கோயில் வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் கையில் யாரோ பிஸ்கட் கொடுத்திருந்தார்கள்.

பத்து பன்னிரண்டுக்குப் பைக் திரும்பியது. சித்தப்பா மகன் ஓட்ட, பின்னால் குடோன் தொழிலாளி ஒருவர் நாற்காலியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவர் முகத்திலும் வேர்க்கடலை மூட்டையின் தூசி. சித்தப்பா மகனின் பட்டுச் சட்டை தோள்பட்டையில் கிழிந்திருந்தது. அவனும் மூட்டை இறக்கியிருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது.

"வலது பக்கம் பிரேக் வளைஞ்சி கீதுண்ணா" என்றான். "நிக்காது."

என்னை இறக்கி நாற்காலியில் வைத்தார்கள். மாலை போட்டார்கள். மேளம் ஓட்டமாக முன்னால் போனது, பின்னால் இருபத்தொரு தட்டுகளோடு பெண்கள் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். அப்படியொரு சீர் வரிசையை அந்தத் தெரு பார்த்திருக்காது.

கோயிலுக்கு ஐந்து படிகள். பக்கத்தில் சரிவு இல்லை. நான்கு பேர் நாற்காலியைச் சூழ்ந்து கைப்பிடிகளில் கை வைத்தார்கள்.

"அதப் புடிக்காதீங்க" என்று சத்தம் போட்டேன். "கைப்பிடி கழண்டு வந்துடும். கீழ இருக்கற கம்பியப் புடிங்க."

கேட்கவில்லை. தூக்கினார்கள். இடது கைப்பிடி ஒருவர் கையோடு வந்தது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. சித்தப்பா மகன் என் பின்கழுத்துச் சட்டையையும் மாலையையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தினான். பாதி மாலை படியில் உதிர்ந்தது. இரண்டாவது தடவை கம்பியைப் பிடித்துத் தூக்கினார்கள். மேலே போனபோது பத்து இருபது.

பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயதானவர், அவசரப்படாத கை. தங்கை குழந்தையை என் மடியில் வைக்கக் குனிந்தாள்.

இந்த இடத்தைத்தான் நான் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உணர்ச்சியில்லாத என் கால்கள் சும்மா இருப்பவை அல்ல. ஏதாவது பட்டால், அழுத்தினால், தானாகத் துள்ளும். சில நேரம் பாதம் கால்பலகையை விட்டு எகிறிப்போகும். நிறுத்த என்னால் முடியாது. மற்றவர்கள் மறந்தது நாற்காலியை என்றால், நான் மறைத்தது இதை. சொன்னால் மாமியார் சொன்னதே சரி என்று ஆகிவிடும். சொல்லாமல் விட்டால், பத்தர் கையில் ஊசி, பக்கத்தில் குழந்தையின் கண்.

"இரு" என்றேன். தங்கை நிமிர்ந்தாள். "கால் துள்ளும். என்னால நிறுத்த முடியாது."

மாமியார் என் முழங்காலைப் பார்த்தார். பத்தர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

"எவ்ளோ துள்ளும்?" என்று கேட்டார்.

"ஒரு சாண்கூட எகிறும்ங்க."

"புடிச்சா நிக்குமா?"

"அழுத்திப் புடிச்சா நிக்கும்."

சித்தப்பா மகன் தரையில் உட்கார்ந்தான். என் பாதங்களைத் தன் தொடைக்கடியில் வைத்து, இரண்டு முழங்கால்களையும் உள்ளங்கைகளால் அழுத்தினான். மாப்பிள்ளை பின்னால் வந்து, பிரேக் இல்லாத சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நாற்காலியின் பெல்ட்டை நெஞ்சோடு இழுத்துக் கட்டினேன். மாமியார் போனைப் பார்த்தார். தங்கை குழந்தையை வைத்துவிட்டாள்.

வைத்த உடனே துள்ளியது. சித்தப்பா மகனின் தோள் மேலே எழும்பி இறங்கியதைப் பார்த்தேன். குழந்தை வீரிட்டது. நான் அதன் தலையை என் நெஞ்சோடு அணைத்தேன்.

"பொறு" என்றார் பத்தர். காத்திருந்தார். ஊசி அவர் கையில் அப்படியே நின்றது. கால் அடங்கியது. அவர் கை போனதையும் வந்ததையும் நான் பார்க்கவில்லை. ஒரு காது முடிந்தது.

குழந்தையைத் திருப்பியபோது மறுபடியும் துள்ளியது. இந்த முறை நீண்ட நேரம். ஒரு பக்கம் அடங்கினால் மறுபக்கம் ஆரம்பித்தது. "மணி ஆவுது" என்று பின்னால் ஒரு குரல். பத்தர் திரும்பிப் பார்க்கவில்லை. சித்தப்பா மகன் தன் நெற்றியையே என் முழங்காலில் வைத்து அழுத்தினான். அவன் பிடரியில் வியர்வை ஓடியது.

இரண்டாவது காதும் முடிந்தது. ஒருவர் போனில் பத்து முப்பத்தொன்று. மாமியாரின் போனில் இருபத்தொன்பது. "என் போனுதான் கரெக்டு" என்று மாமியார் சொன்னார். அதற்குமேல் யாரும் அதைப் பேசவில்லை.

குழந்தை அழுது அழுது என் நெஞ்சில் சாய்ந்து விக்கிக்கொண்டிருந்தது. அதன் கனம் என் தொடைக்குத் தெரியவில்லை. சட்டைக்குமேல் மூச்சு சூடாகப் பட்டது, அது தெரிந்தது. அப்போது கூட்டத்தில் ஒரு பெண் என் மடியைக் காட்டினாள். வேட்டி நனைந்து கறுத்திருந்தது.

எனக்கு மூத்திரம் குழாய் வழியாகத்தான் போகும். காலில் ஒரு பை கட்டியிருப்பேன். அதற்குப் பயந்துதான் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தேன். அந்தத் துள்ளலில் குழாய் கழன்றிருக்கலாம். என் கால்மேல் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. பார்ப்பவர்கள் சொன்னால்தான் உண்டு. அத்தனை பேர் முன்னால், குழந்தையின் புதுப் பாவாடையோடு.

தங்கை குனிந்து குழந்தையைத் தூக்கினாள். பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். என் கண்ணைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"மாமா மடியிலயே ஒண்ணுக்குப் போயிட்டா பாரு, கழுத."

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார்கூடச் சிரித்தார். நல்ல சகுனம் என்று யாரோ சொன்னார்கள். தங்கை தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டு மூடிவிட்டு, குழந்தையோடு உள்ளே போனாள்.

குழாய் கழன்றிருக்கிறதா என்று வேட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நான் பார்க்கவில்லை. துண்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, படியில் இறக்க வந்த நான்கு பேரிடம் கம்பி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தேன்.